டிஜிட்டல் வடிகட்டிகளில் குவாண்டைசேஷன், முழுமையாக்கல் பிழைகளைக் குறைப்பது எப்படி

கணினியில் இரட்டைத் துல்லிய மிதவைப்புள்ளி எண்களைக் கொண்டு வடிவமைத்தபோது குறையின்றி இயங்கிய ஒரு வடிகட்டி, 16 பிட் அல்லது 24 பிட் நிலைப்புள்ளிச் செயலிக்கு (புள்ளியின் இடம் மாறாத எண்களில் கணக்கிடுவது) மாற்றப்பட்டதும் வேறு விதமாக நடந்துகொள்வது இத்துறையில் பணிபுரியும் எல்லோரும் சந்திக்கும் நிலைமை. வெளியீட்டில் எதிர்பாராத இரைச்சல் கேட்கிறது. உள்ளீடு பூச்சியமான பிறகும் ஒரு சிறு மதிப்பு நகராமல் நிற்கிறது. சில வேளைகளில் வடிகட்டி தானாகவே அலைவுறத் தொடங்குகிறது. இத்தகைய தருணத்தில் பலரும் முதலில் கைவைப்பது பிட் எண்ணிக்கையில்தான். ஆனால் பிட்களைக் கூட்டுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலைகள் நிறைய உள்ளன. வடிகட்டியின் துருவங்கள் (வெளியீட்டுக்கும் உள்ளீட்டுக்கும் உள்ள விகிதமான மாற்றுச் சார்பின் பகுதியைப் பூச்சியமாக்கும் சிக்கலெண்கள்) நிலைத்தன்மையின் எல்லையான ஓரலகு வட்டத்தை எவ்வளவு நெருங்கியிருக்கின்றன, எந்த அமைப்பில் வடிகட்டி எழுதப்பட்டிருக்கிறது, மிச்சம் எங்கே வெட்டி எறியப்படுகிறது என்ற மூன்றையும் கணக்கிட்டுப் பார்த்தால், எத்தனை பிட் தேவை என்பது பெரும்பாலும் தானாகவே தெரிந்துவிடும்.

பிழைகள் மூன்று வழிகளில் நுழைகின்றன. முதலாவது, வடிவமைப்பில் கிடைத்த கெழுக்களை (மாதிரிகளைப் பெருக்கும் எண்களை) வரையறுத்த பிட்களுக்குள் அடக்கும்போது ஏற்படுவது. இது ஒரே ஒரு முறை நிகழ்கிறது, பிறகு மாறுவதில்லை. ஆனால் இது வடிகட்டியையே வேறொரு வடிகட்டியாக மாற்றிவிடுகிறது. இரண்டாவது, ஒவ்வொரு மாதிரியிலும் பெருக்கல் முடிவைச் சுருக்கும்போது கழிந்துபோகும் மிச்சம். இது இரைச்சலாகவும், உள்ளீடு ஓய்ந்திருக்கும்போது லிமிட் சைக்கிள் எனப்படும் சிற்றலைவாகவும் வெளிப்படுகிறது. மூன்றாவது, எண் தன் எல்லையைத் தாண்டி நிரம்பி வழிவது. உள்ளீட்டை டிஜிட்டலாக்கும் மாற்றியின் குவாண்டைசேஷன் (மதிப்பைப் படிகளாக்கும்) இரைச்சல் இவற்றுக்கு வெளியே இருக்கிறது. ஒரு படியின் (அந்த பிட்களில் எழுதக்கூடிய மிகச் சிறிய மாற்றத்தின்) வர்க்கத்தை 12ஆல் வகுத்தால் அதன் சராசரித் திறன் கிடைக்கும்; முழு அளவு சைன் அலைக்கு இரைச்சல் விகிதம் 6.02 × பிட் எண்ணிக்கை + 1.76 டெசிபல். 16 பிட்டுக்கு இது சுமார் 98 டெசிபல். வடிகட்டி தன் பங்குக்கு இதற்கு மேல் எவ்வளவு சேர்க்கிறது என்பதே இங்கே நம் கேள்வி.

முதலில் துருவங்களைக் கணக்கிடுங்கள்

ஒரே எடுத்துக்காட்டை இறுதிவரை எடுத்துச்செல்வது புரிதலுக்கு உதவும். மாதிரி வீதம் நொடிக்கு 48,000; 20 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை நீக்க வேண்டிய இரண்டாம் வரிசை பட்டர்வொர்த் உயர்கடத்தி வடிகட்டி. ஒலிக் கருவிகளில் நேர்மின் பெயர்ச்சியை (சமிக்ஞையோடு சேரும், பூச்சிய அதிர்வெண்ணுள்ள நிலையான மதிப்பை) அகற்ற அன்றாடம் பயன்படும் எளிய வடிகட்டிதான் இது. இருநேர்கோட்டு மாற்றத்தின் வழியே வடிவமைத்தால், மாற்றுச் சார்பின் பகுதியிலுள்ள (வெளியீட்டைத் திருப்பி ஊட்டும் பக்கத்திலுள்ள) பல்லுறுப்புக் கோவையின் கெழுக்கள் 1, −1.99629759, 0.99630443 எனக் கிடைக்கும். பார்வைக்கு எந்தச் சிக்கலும் தெரியாது. ஆனால் இம்மூன்றையும் கூட்டிப் பாருங்கள்: விடை 0.00000684. நேர்மின் அதிர்வெண்ணுக்குரிய புள்ளியிலிருந்து துருவங்கள் நிற்கும் தொலைவின் வர்க்கமே இந்தக் கூட்டுத்தொகை. வடிகட்டியின் வெட்டு அதிர்வெண் 20 ஹெர்ட்ஸா, வேறு ஏதாவதா என்பதைத் தீர்மானிக்கும் தகவல் முழுவதும் இந்த மிகச் சிறிய எண்ணுக்குள்தான் இருக்கிறது.

இப்போது இக்கெழுக்களை 16 பிட்டுக்குள் அடக்குவோம். மதிப்பு 2ஐ நெருங்குவதால் க்யூ14 வடிவம் (பின்னத்துக்கு 14 பிட்) தேவைப்படுகிறது. அதில் ஒரு படி 1/16384, அதாவது ஏறத்தாழ 0.000061. நமக்கு வேண்டிய 0.00000684ஐப்போல இது சுமார் ஒன்பது மடங்கு பெரியது. 16384ஆல் பெருக்கி முழுமையாக்கினால் கெழுக்கள் 16384, −32707, 16323 என்று ஆகின்றன. கூட்டினால் சரியாகப் பூச்சியம். ஒரு துருவம் நேராக ஓரலகு வட்டத்தின் மேலேயே போய் உட்கார்ந்துவிட்டது என்பதே இதன் பொருள். வடிகட்டி இனி நிலைத்தன்மை உடையதன்று. அதனுள் நுழையும் ஒவ்வொரு முழுமையாக்கல் பிழையும் தேய்ந்து மறையாமல் கூடிக்கொண்டே போகும். கெழுவை ஒரு படி நகர்த்திச் சரிசெய்யலாம் என்று நினைத்தால், கூட்டுத்தொகை 1/16384 ஆகிறது, துருவங்களின் அதிர்வெண் ஏறத்தாழ 60 ஹெர்ட்ஸுக்குத் தாவிவிடுகிறது. இடைப்பட்ட மதிப்பு எதுவும் இந்த வடிவத்தில் இல்லை.

மாற்றுச் சார்பின் தொகுதியிலும் (உள்ளீட்டைப் பெருக்கும் பக்கத்திலும்) இதே ஆபத்து உண்டு. இதே வடிகட்டியின் தொகுதிக் கெழுக்கள் 0.99815051, −1.99630102, 0.99815051. தனித்தனியே முழுமையாக்கினால் 16354, −32707, 16354 என்றாகி, கூட்டுத்தொகை பூச்சியமாக இருக்க வேண்டிய இடத்தில் 1 எஞ்சுகிறது. பகுதியின் கெழுக்களைத் துல்லியமாக வைத்துக்கொண்டு தொகுதியை மட்டும் இப்படி விட்டால், நேர்மின் கூறினை முற்றாக அடைக்க வேண்டிய வடிகட்டி அதை ஏறத்தாழ 8.9 மடங்கு பெருக்கும். தீர்வு எளிது: முதல் கெழுவை முழுமையாக்குங்கள், நடுக் கெழுவைத் தனியே முழுமையாக்காமல் முதல் கெழுவின் −2 மடங்காகவே எழுதுங்கள். பூச்சியப் புள்ளிகள் (தொகுதியைப் பூச்சியமாக்கும் சிக்கலெண்கள்) ஓரலகு வட்டத்தின் மேல் இருக்க வேண்டிய எல்லா வடிகட்டிகளிலும் இத்தகைய உறவுகளை முழுமையாக்கலுக்குப் பின்னும் காப்பாற்ற வேண்டும்.

ஆகவே, எந்த வடிகட்டியையும் செயலிக்குக் கொண்டுபோகும் முன் இரண்டு எண்களைக் கணக்கிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, மேலே கண்ட கூட்டுத்தொகை. மற்றொன்று, முழுமையாக்கல் இரைச்சலின் பெருக்கம். இரண்டாம் வரிசைப் பிரிவுக்கு இதற்கான சூத்திரம் கையாலேயே போடக்கூடியது: ஒன்றோடு கடைசிக் கெழுவைக் கூட்டி, அதை ஒன்றிலிருந்து கடைசிக் கெழுவைக் கழித்த மதிப்பால் வகுக்க வேண்டும், கிடைத்ததை, ஒன்றையும் கடைசிக் கெழுவையும் கூட்டிய வர்க்கத்திலிருந்து நடுக் கெழுவின் வர்க்கத்தைக் கழித்த மதிப்பால் மீண்டும் வகுக்க வேண்டும். நம் எடுத்துக்காட்டில் விடை ஏறத்தாழ 2 கோடி, அதாவது 73 டெசிபல். உள்ளே நுழையும் ஒரு சிறு முழுமையாக்கல் இரைச்சல் வெளியே வரும்போது 12 பிட் அளவுக்கு வளர்ந்துவிடுகிறது. 24 பிட் தரவை வைத்துக்கொண்டிருந்தாலும், இந்த ஒரு வடிகட்டியைக் கடந்த பிறகு உருப்படியாக எஞ்சுவது ஏறத்தாழ 12 பிட்டுகளே. வெட்டு அதிர்வெண்ணை மாற்றாமல் மாதிரி வீதத்தை இருமடங்காக்கினால் இந்த இரைச்சல் மேலும் 9 டெசிபல் கூடும். உயர்ந்த மாதிரி வீதம் எப்போதும் நன்மையே செய்யும் என்று எண்ணுவோர் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். தேவையான அதிர்வெண்கள் மிகத் தாழ்ந்தவை என்றால், முதலில் மாதிரி வீதத்தைக் குறைத்துவிட்டுப் பிறகு வடிகட்டுவதே அறிவுடைய வழி.

கெழுக்களைக் காப்பாற்றும் அமைப்புகள்

உயர் வரிசை வடிகட்டியை ஒரே நீண்ட கோவையாக எழுதுவதைத் தவிர்க்க வேண்டும் என்பது இத்துறையின் மிகப் பழைய பாடம். பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் கைசர் 1960களின் நடுவிலேயே இதைச் சுட்டிக்காட்டினார். ஒரு கெழுவில் நேரும் பிழை ஒரு துருவத்தை எவ்வளவு நகர்த்தும் என்பது, அந்தத் துருவத்துக்கும் மற்றத் துருவங்களுக்கும் உள்ள இடைவெளிகளின் பெருக்கலுக்கு எதிர்விகிதத்தில் அமைகிறது. குறுகிய பட்டையுடைய வடிகட்டியில் துருவங்கள் நெருக்கமாகக் குவிந்திருப்பதால் இந்த இடைவெளிகள் சிறியவை. எட்டாம் வரிசையில் அவ்வாறான ஏழு சிறிய எண்களின் பெருக்கலால் வகுக்கிறோம். அதே வடிகட்டியை நான்கு இரண்டாம் வரிசைப் பிரிவுகளாக உடைத்துத் தொடராக அடுக்கினால், ஒவ்வொரு பிரிவிலும் ஒரு துருவ இணை மட்டுமே இருப்பதால் அண்டைத் துருவங்களின் பாதிப்பு அறவே நீங்குகிறது. எந்தப் பூச்சியப் புள்ளியை எந்தத் துருவத்தோடு சேர்ப்பது என்ற கேள்வி அடுத்து எழும். ஓரலகு வட்டத்தை மிக நெருங்கிய துருவ இணையை எடுத்து, அதற்கு மிக அருகிலுள்ள பூச்சியப் புள்ளிகளோடு சேருங்கள். எஞ்சியவற்றில் இதையே திரும்பச் செய்யுங்கள். பிரிவுகளைக் கூர்மை ஏறுவரிசையிலோ இறங்குவரிசையிலோ அடுக்கலாம். இரண்டையும் கணக்கிட்டுப் பார்த்து இரைச்சல் குறைந்ததைத் தேர்ந்தெடுப்பது சில நிமிட வேலைதான்.

ஆனால் இரண்டாம் வரிசைப் பிரிவாக உடைப்பது மட்டும் நம் 20 ஹெர்ட்ஸ் வடிகட்டியைக் காப்பாற்றாது, ஏனெனில் அது ஏற்கனவே இரண்டாம் வரிசைதான். நேரடி அமைப்பில் (கோவையின் கெழுக்களையே அப்படியே பயன்படுத்தும் அமைப்பில்) துருவங்கள் உட்காரக்கூடிய இடங்கள் தளம் முழுவதும் சீராகப் பரவியிருப்பதில்லை. மாதிரி வீதத்தின் கால்பங்கு அதிர்வெண் அருகே அவை செறிந்தும், நேர்மின் அருகிலும் பாதி மாதிரி வீதத்தின் அருகிலும் அரிதாகவும் இருக்கின்றன. இதற்கு மூன்று மாற்றுகள் உள்ளன.

முதல் மாற்று, கெழுவுக்குப் பதிலாக அதன் வேறுபாட்டைச் சேமிப்பது. பின்னூட்டத்தை இவ்வாறு எழுதலாம்: புதிய வெளியீட்டின் பின்னூட்டப் பங்கு = முந்தைய வெளியீடு + (கடைசிக் கெழு × முந்தைய இரண்டு வெளியீடுகளின் வேறுபாடு) − (கூட்டுத்தொகை × முந்தைய வெளியீடு). கணித அளவில் இது பழைய சமன்பாடேதான், ஆனால் 0.00000684 என்ற அந்த முக்கியமான எண் இப்போது தனக்கென ஓர் அளவுத்திட்டத்துடன் தனிக் கெழுவாக நிற்கிறது. அதை 2¹⁷ஆல் பெருக்கி 16 பிட்டில் வைத்தாலும் அதன் சார்புப் பிழை பல்லாயிரத்தில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும். அக்யுமுலேட்டர் (பெருக்கல் முடிவுகளைக் கூட்டிவைக்கும் பதிவகம்) போதிய ஆழமுடையதாக இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. 64 பிட் கூட்டலைத் தரும் இன்றைய 32 பிட் செயலிகளில் அது ஒரு தடையே இல்லை. எனக்கு மிகவும் பிடித்த மாற்று இதுவே, ஏனெனில் ஓரிரு கூடுதல் கூட்டல், கழித்தல், நகர்த்தல்களைத் தவிர வேறு எந்தச் செலவும் இல்லை.

இரண்டாவது மாற்று, இணைந்த அமைப்பு எனப்படுவது. இதில் துருவத்தின் மெய்ப்பகுதியும் கற்பனைப்பகுதியும் நேரடியாகக் கெழுக்களாக வருவதால், துருவ இடங்கள் தளமெங்கும் ஒரே சீரான கட்டமாக அமைகின்றன. பின்னூட்டத்துக்கு நான்கு பெருக்கல்கள் வேண்டும். மூன்றாவது வகையில் நிலைமாறி வடிகட்டிகளும், லாட்டிஸ் அமைப்புகளும், ஆல்ஃபிரெட் ஃபெட்வைஸ் உருவாக்கிய அலை டிஜிட்டல் வடிகட்டிகளும் அடங்கும். இயக்கத்தின் நடுவே வெட்டு அதிர்வெண்ணை மாற்ற வேண்டிய கருவிகளில் நிலைமாறி வடிகட்டி மிகவும் பொருத்தமானது.

மிச்சத்தை எங்கே, எப்படி வெட்டுவது

இரண்டு 16 பிட் எண்களைப் பெருக்கினால் 32 பிட் விடை வருகிறது. ஒவ்வொரு பெருக்கலுக்குப் பின்னும் சுருக்கினால் ஐந்து பெருக்கல்களுக்கு ஐந்து பிழை மூலங்கள். எல்லாவற்றையும் முழு நீளத்தில் கூட்டிவிட்டுக் கடைசியில் ஒரே ஒரு முறை சுருக்கினால் ஒரே ஒரு மூலம். சமிக்ஞைச் செயலிகள் அகன்ற அக்யுமுலேட்டரோடு வடிவமைக்கப்பட்டது இதற்காகத்தான்: மோட்டரோலா டிஎஸ்பி56000 செயலியில் தரவு 24 பிட், அக்யுமுலேட்டர் 56 பிட். இப்படி ஒரே இடத்தில் சுருக்குவதற்கு ஏற்றது, முந்தைய உள்ளீடுகளையும் வெளியீடுகளையும் தனித்தனியே சேமிக்கும் முதல் நேரடி அமைப்பு. அதில் உள்ளே ஒரே ஒரு கூட்டல் மையம் இருப்பதால், நிலைப்புள்ளிக் கணக்குக்கு நான் முதலில் பரிந்துரைப்பது அதையே. இரண்டுக்கும் பொதுவான உள்நிலை மதிப்புகளை மட்டும் சேமிக்கும் இரண்டாம் நேரடி அமைப்பு நினைவகத்தில் இரண்டு இடங்களை மிச்சப்படுத்துகிறது. ஆனால் அதன் உள்நிலை மதிப்பு தொகுதியின் தணிப்பைப் பெறாமல் துருவங்களின் முழுப் பெருக்கத்தையும் தாங்க நேர்வதால் எளிதில் நிரம்பி வழியும்.

சுருக்கும் முறையும் முக்கியம். இரண்டின் நிரப்பு முறையில் (எதிர் எண்களையும் பிட்களில் எழுதும் வழக்கமான முறை) வலப்புறம் நகர்த்தி வெட்டினால் மதிப்பு எப்போதும் கீழ்நோக்கியே செல்வதால், சராசரியாக அரைப் படி அளவுள்ள ஒரு நிலையான பெயர்ச்சி சேர்கிறது. அரைப் படிதானே என்று விட்டுவிட முடியாது. நம் வடிகட்டியில் நேர்மின் பிழைக்கு நேரும் பெருக்கம் 1 ÷ 0.00000684, அதாவது ஏறத்தாழ 1,46,000. அரைப் படியை அதனால் பெருக்கினால் 73,000 படிகள். 16 பிட் எண்ணின் மொத்த வீச்சே 65,536 படிகள்தான்! நேர்மின் பெயர்ச்சியை நீக்குவதற்காக வைத்த வடிகட்டி, தன் வெட்டுதலாலேயே எல்லைக்கு அடங்காத ஒரு பெயர்ச்சியை உருவாக்குகிறது. ஆகவே வெட்டுவதற்கு முன் அரைப் படியைக் கூட்டி முழுமையாக்குங்கள். சரியாக நடுவில் விழும் மதிப்புகள் அடிக்கடி வரக்கூடிய இடங்களில், அவற்றை அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்கு முழுமையாக்கும் முறை எஞ்சியிருக்கும் சிறு சாய்வையும் போக்கும்.

பிழையைத் திருப்பி ஊட்டுதல்

முழுமையாக்கல் சாய்வை நீக்குகிறதே தவிர, 73 டெசிபல் இரைச்சல் பெருக்கத்தைத் தொடுவதில்லை. அதற்கு மிகச் சிறந்த மருந்து பிழைப் பின்னூட்டம். வெட்டி எறியும் கீழ் பிட்களை எறியாமல் ஒரு மாறியில் சேமித்து, அடுத்த மாதிரியைக் கணக்கிடும்போது அக்யுமுலேட்டரில் சேர்ப்பதே இதன் சாரம்.

செய்முறை இது. அக்யுமுலேட்டரில் எல்லாப் பெருக்கல்களையும் கூட்டுங்கள். முந்தைய மாதிரியில் எஞ்சிய மிச்சத்தையும் அதனோடு கூட்டுங்கள். வலப்புறம் நகர்த்தி வெளியீட்டை எடுங்கள். வெளியீட்டை மீண்டும் இடப்புறம் நகர்த்தி அக்யுமுலேட்டரிலிருந்து கழித்தால் வருவது புதிய மிச்சம். அதை அடுத்த மாதிரிக்காக வைத்துக்கொள்ளுங்கள். இதனால் இரைச்சலுக்கு மட்டும் நேர்மின் அதிர்வெண்ணில் ஒரு பூச்சியப் புள்ளி கிடைக்கிறது. சமிக்ஞையின் பாதையில் எதுவும் மாறுவதில்லை. அரைப் படிச் சாய்வும் இதிலேயே அடங்கிவிடுவதால், இம்முறையில் வெறும் வெட்டுதலே போதும். நம் எடுத்துக்காட்டில் இரைச்சல் பெருக்கம் 73 டெசிபலிலிருந்து ஏறத்தாழ 21 டெசிபலுக்கு இறங்குகிறது. பெருக்கல் ஒன்றுகூடச் சேராமல், ஒரு கூட்டலும் ஒரு கழித்தலும் ஒரு நினைவிடமும் மட்டும் கொடுத்து 52 டெசிபலை மீட்டிருக்கிறோம்.

இன்னும் ஒரு படி போகலாம். முந்தைய மிச்சத்தை இருமடங்காக்கிக் கூட்டி, அதற்கும் முந்தைய மாதிரியின் மிச்சத்தைக் கழித்தால், நேர்மினில் இரட்டைப் பூச்சியப் புள்ளி உண்டாகிறது. இருமடங்காக்குவது ஒரு பிட் நகர்த்தல் மட்டுமே. நேர்மின் அருகே குவிந்துள்ள இரு துருவங்களின் பெருக்கத்தை இந்த இரு பூச்சியப் புள்ளிகளும் நேருக்கு நேர் ஈடுசெய்வதால், இரைச்சல் பெருக்கம் கிட்டத்தட்ட 1 ஆகிவிடுகிறது. அதாவது 73 டெசிபலும் மறைந்து, ஒரே ஒரு முழுமையாக்கலின் இயல்பான இரைச்சல் மட்டும் மிஞ்சுகிறது. துருவங்கள் வேறிடத்தில் இருந்தால் கெழுக்களை அதற்கேற்ப மாற்ற வேண்டும். பாதி மாதிரி வீதத்தை ஒட்டியிருந்தால் முந்தைய மிச்சத்தின் இருமடங்கையும் அதற்கு முந்தையதையும் கழியுங்கள். கால்பங்கு அருகே இருந்தால் இரண்டு மாதிரிகளுக்கு முந்தைய மிச்சத்தை மட்டும் கழித்தால் போதும். இடைப்பட்ட இடங்களில் பின்னூட்டக் கெழுக்களையே எளிய முழு எண்ணுக்கோ அரை எண்ணுக்கோ முழுமையாக்கிப் பயன்படுத்தலாம்.

வெளியீட்டு நினைவிடங்களையே இரட்டை நீளத்தில் வைத்துக்கொள்வது இதற்கு மாற்று. நுண்கட்டுப்படுத்திகளுக்கான சிஎம்எஸ்ஐஎஸ் டிஎஸ்பி நூலகத்தில், 32 பிட் தரவுக்கு 64 பிட் உள்நிலை வைத்து இயங்கும் பைக்வாட் (இரண்டாம் வரிசைப் பிரிவு) வடிவம் ஒன்று இருப்பது இதற்காகவே. பெருக்கல்களின் செலவு கூடினாலும், செயலிக்கு வேகம் இருக்கும்போது சிந்தனைச் சிக்கல் இல்லாத வழி அது.

நிரம்பி வழிதலைத் தடுத்தல்

அளவைக் குறைத்தால் வழியாது, ஆனால் இரைச்சலுக்கு எதிரான இடைவெளி சுருங்கும். இந்தப் பேரத்தைக் கணக்கோடு செய்ய வேண்டும். உள்ளீட்டிலிருந்து ஒவ்வொரு கூட்டல் மையம் வரையிலான துடிப்புத் துலங்கலை (ஒரே ஒரு துடிப்பைக் கொடுத்தால் வரும் விடையை) எடுத்து, அதன் மதிப்புகளைக் குறி நீக்கிக் கூட்டினால் கிடைப்பது எந்த உள்ளீட்டுக்கும் தாண்டமுடியாத உச்ச வரம்பு. அந்த வரம்பால் வகுத்துவிட்டால் வழிதல் நடக்கவே முடியாது. இது மிகக் கடுமையான நிபந்தனை. உள்ளீடு பெரும்பாலும் சைன் அலை போன்றது என்று தெரிந்திருந்தால், அதிர்வெண் துலங்கலின் உச்ச மதிப்பால் வகுப்பதே போதுமானது. பாதுகாப்புக் கட்டுப்பாடுகளில் முதலாவதையும், ஒலித் துறையில் இரண்டாவதையும் நான் தேர்ந்தெடுப்பேன்.

இங்கே பலர் கவனிக்காத ஒரு நுட்பம் உண்டு. இரண்டின் நிரப்பு முறையில் இறுதிக் கூட்டுத்தொகை எல்லைக்குள் இருக்குமானால், இடையில் எத்தனை முறை வழிந்தாலும் இறுதி விடை சரியாகவே வரும். ஆகவே ஒவ்வொரு கூட்டலுக்குப் பின்னும் சாச்சுரேஷன் செய்து உச்ச மதிப்பில் நிறுத்துவது தவறான விடையைத் தரக்கூடும். அக்யுமுலேட்டரில் எட்டுக் காப்பு பிட்கள் இருந்தால் அந்தக் கவலையே எழாது. ஆனால் இறுதியில், நினைவிடத்தில் எழுதும்போது, சாச்சுரேஷன் கட்டாயம் வேண்டும். அது இல்லையென்றால் உச்ச நேர் மதிப்பு திடீரென உச்ச எதிர் மதிப்பாகி, அந்தத் தாவல் பின்னூட்டத்தில் புகுந்து, உள்ளீடு நின்ற பிறகும் முழு அளவில் அலைவுறும் நிலை உருவாகலாம். 1969ஆம் ஆண்டில் எபர்ட், மேசோ, டெய்லர் ஆகியோர் இந்த வழிதல் அலைவுகளை ஆராய்ந்து, இரண்டாம் வரிசைப் பிரிவில் சாச்சுரேஷன் அவற்றைத் தடுக்கும் என்று காட்டினார்கள்.

உள்ளீடு ஓய்ந்தபின் எஞ்சும் அலைவு

முந்தைய வெளியீட்டை 0.99ஆல் பெருக்கும் முதல் வரிசை வடிகட்டி 50 படியில் நிற்கிறது என்று கொள்வோம். உள்ளீடு பூச்சியம். 50 × 0.99 = 49.5, முழுமையாக்கினால் மீண்டும் 50. வடிகட்டி அங்கேயே நிலைத்துவிடும். அரையை, ஒன்றிலிருந்து கெழுவைக் கழித்த மதிப்பால் வகுத்தால் இந்த டெட்பேண்டின் (மதிப்பு சிக்கி நிற்கும் பரப்பின்) எல்லை, பூச்சியத்திலிருந்து இருபுறமும், கிடைக்கும். கெழு ஒன்றை நெருங்க நெருங்க அது விரிந்துகொண்டே போகும். பூச்சியத்தை நோக்கி வெட்டும் முறை முதல் வரிசை வடிகட்டியில் இதை முற்றாக நீக்கும். இணைந்த அமைப்பிலும் அப்படியே, ஏனெனில் ஒவ்வொரு சுற்றிலும் சேமிப்பிலுள்ள ஆற்றல் குறையவே முடியும். நேரடி அமைப்பில் அந்த முறை பெரும்பாலான அலைவுகளைக் குறைக்கும், எல்லாவற்றையும் அல்ல. தவிர, அம்முறையின் இரைச்சல் சாதாரண முழுமையாக்கலை விட அதிகம் என்பதையும் எடைபோட வேண்டும்.

உணரிகளின் அளவீட்டைச் சீராக்கப் பயன்படும் எளிய சராசரி வடிகட்டியில் இந்தக் குறை மிகப் பரவலாகக் காணப்படுகிறது. புதிய உள்ளீட்டுக்கும் பழைய வெளியீட்டுக்கும் உள்ள வேறுபாட்டை எட்டு பிட் வலப்புறம் நகர்த்தி வெளியீட்டோடு கூட்டுவது வழக்கம். வேறுபாடு 256ஐ விடக் குறைந்த நேர் எண்ணாக இருந்தால் நகர்த்தலின் விடை பூச்சியம். வெளியீடு உள்ளீட்டை எட்டாமல் 255 படி கீழேயே நின்றுவிடலாம். வேறுபாடு எதிர் எண்ணாக இருந்தாலோ, நகர்த்தல் −1 தருவதால் வெளியீடு முழுமையாக இறங்கிவிடும். ஏறும்போது ஒரு விடை, இறங்கும்போது வேறொரு விடை. தீர்வு, வெளியீட்டைச் சேமிக்காமல் அதன் 256 மடங்கைச் சேமிப்பது: சேமிப்பிலிருந்து அதன் எட்டு பிட் நகர்த்திய மதிப்பைக் கழித்து, உள்ளீட்டை அப்படியே கூட்டுங்கள், வெளியீடு வேண்டும்போது மட்டும் எட்டு பிட் நகர்த்தி எடுங்கள். 16 பிட் தரவுக்கு 24 பிட் சேமிப்பு போதும்.

பின்னூட்டமில்லாத வடிகட்டிகளும் மிதவைப்புள்ளியும்

வரையறுத்த துடிப்புத் துலங்கலுடைய வடிகட்டிகளில் பிழை சுழன்று வருவதில்லை. முழு நீளத்தில் கூட்டி ஒரே முறை சுருக்கினால் வேலை முடிந்தது. கெழுக்களைச் சமச்சீராக முழுமையாக்கினால் நேர்கோட்டுக் கட்டமும் (எல்லா அதிர்வெண்களுக்கும் ஒரே தாமதம்) கெடாது. நிறுத்தப் பட்டையின் தணிப்பு மட்டும் கெழுவின் பிட் எண்ணிக்கையால் கட்டுப்படும். தோராயமாக ஒரு பிட்டுக்கு 6 டெசிபல் என்று வைத்துக்கொண்டு, முழுமையாக்கிய கெழுக்களின் துலங்கலை வரைந்து சரிபாருங்கள்.

மிதவைப்புள்ளிக்கு மாறினால் எல்லாம் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கை பாதிதான் உண்மை. வழிதலும் அளவுத்திட்டமும் கவலையாக இருப்பதில்லை. ஆனால் 32 பிட் மிதவைப்புள்ளி எண்ணின் துல்லியம் 24 பிட்டுகளே. நம் எடுத்துக்காட்டின் கெழுக்களை அதில் வைத்தாலும் வெட்டு அதிர்வெண் 0.65 விழுக்காடு வரை பிசகலாம், இரைச்சலும் 24 பிட் நிலைப்புள்ளியில் கண்டதைப் போன்றே பெருகும். தாழ்ந்த அதிர்வெண் பிரிவுகளுக்கு மட்டுமாவது இரட்டைத் துல்லியத்தைப் பயன்படுத்துங்கள், அல்லது மேலே சொன்ன வேறுபாட்டு வடிவத்தை எழுதுங்கள். மிதவைப்புள்ளியில் இடமாற்றிய இரண்டாம் நேரடி அமைப்பு நல்ல தேர்வு. புதிய மாதிரியைக் கூட்டிப் பழைய மாதிரியைக் கழிக்கும் நகரும் சராசரியை மட்டும் மிதவைப்புள்ளியில் எழுதாதீர்கள். கூட்டியதும் கழித்ததும் ஒரே அளவில் முழுமையாக்கப்படாததால் பிழை சேர்ந்துகொண்டே போகும். முழு எண்களில் அதே கணக்கு எக்காலமும் துல்லியமாக நிற்கும்.

வடிகட்டிய முடிவை இறுதியாக 16 பிட்டுக்குச் சுருக்கும்போது, முழுமையாக்கலுக்கு முன் முக்கோணப் பரவலுடைய, இரு படி அகலமுள்ள சமவாய்ப்பு எண்ணைச் சேர்க்கும் டிதர் முறையைக் கையாளுங்கள். மொத்த இரைச்சல் 4.8 டெசிபல் கூடும். ஆனால் பிழையின் சராசரியும் திறனும் சமிக்ஞையோடு சேர்ந்து மாறுவது நின்று, மெல்லிய ஒலிகளில் கேட்கும் கரகரப்பு சீரான இரைச்சலாகிவிடும். இடைநிலைகளில் இது தேவையில்லை, கடைசிச் சுருக்கத்தில் மட்டும் போதும்.

சரிபார்த்தல்

இரட்டைத் துல்லியத்தில் ஒரு முன்மாதிரியும், செயலியின் ஒவ்வொரு பிட்டையும் அப்படியே பின்பற்றும் இன்னொரு மாதிரியும் கணினியில் எழுதி, இரண்டுக்கும் ஒரே உள்ளீட்டைக் கொடுத்து வெளியீடுகளின் வேறுபாட்டை அளவிடுங்கள். முன்மாதிரியில் முழுமையாக்கிய கெழுக்களையே இட்டால் கணக்கீட்டு இரைச்சல் மட்டும் தனியே தெரியும்; மூலக் கெழுக்களை இட்டால் இரண்டு பிழைகளும் சேர்ந்து தெரியும். இந்தப் பிரிவினை இல்லாமல் அளந்தால் எதைத் திருத்துவது என்று புரியாது. அளந்த இரைச்சல் முன்பு சூத்திரத்தில் கணக்கிட்ட மதிப்பை விட ஓரிரு டெசிபலுக்கு மேல் கூடியிருந்தால், எங்கோ கணக்கில் வராத ஒரு சுருக்கம் நடக்கிறது என்று பொருள். நகர்த்தல் கட்டளைகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

உள்ளீடுகளாக நான்கைத் தவறாமல் கொடுங்கள். சில படிகளே உயரமுள்ள மெல்லிய சைன் அலை முழுமையாக்கலின் திரிபைக் காட்டும். நிலையான நேர்மின் மதிப்பு, தொகுதிக் கெழுக்களின் கூட்டுத்தொகையில் உள்ள பிழையைக் காட்டும். துடிப்புத் துலங்கலைக் காலத்தில் திருப்பி, அதன் குறிகளை மட்டும் முழு அளவில் கொடுத்தால், வழிதலுக்கான மிக மோசமான உள்ளீடு அதுவே. நான்காவது, உரத்த சமிக்ஞைக்குப் பின் நீண்ட முழு அமைதி: இதை, துருவங்களின் தேய்வுக் காலத்தைப் போலப் பல மடங்கு நேரம் ஓடவிட்டு, வெளியீடு பூச்சியத்துக்கு வந்து நிற்கிறதா, எந்தப் படியில் சிக்கிக்கொள்கிறது என்று பாருங்கள். சோதனை நடக்கும்போது உள்ளீட்டு மாற்றியைத் துண்டித்து, பூச்சியத்தை நிரலிலிருந்தே கொடுக்க வேண்டும். மாற்றியின் சொந்த இரைச்சல் ஒரு படி அளவில் இருந்தாலும் அது டிதராகச் செயல்பட்டு லிமிட் சைக்கிளை மறைத்துவிடும்.